பேசாத படம் கேட்கும் கேள்வி

திரையில் முதலில் ஒரு பாறைச் சுவர் தெரிகிறது. அதில் ஆள் உயரத்திற்குத் தீட்டப்பட்ட கரிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், குதிரை லாடப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் வரைந்த ஓவியங்கள் அவை. பின்னணியில் மிக ஆழ்ந்த ஆண்குரல் ஒன்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஓவியம் மெல்ல மறைகிறது. அதே இடத்தில் நெருப்பு பொங்குகிறது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட், பனித்துகள்களை உதிர்த்தபடி மிக மெதுவாக மேலெழுகிறது.

இவ்விரு காட்சிகளையும் இணைத்துக் கூற எவரும் வருவதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற குறிப்பும் திரையில் தோன்றுவதில்லை. இப்படித் தொடங்கும் படத்தின் பெயர் ‘கோயானிஸ்காட்ஸி’. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த அமெரிக்க ஆவணப்படம் ஏறத்தாழ 86 நிமிடங்கள் ஓடுகிறது. கதை, நடிகர், உரையாடல், வருணனை ஆகிய எதுவும் இதில் இல்லை. படமும் இசையும் மட்டுமே உள்ளன. ஆயினும், மனிதன் இயற்கையின்மீது செலுத்தும் ஆதிக்கத்தைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் இதற்குத் தனி இடம் உண்டு.

பெயரும் பொருளும்

‘கோயானிஸ்காட்ஸி’ என்பது ஹோப்பி மொழிச் சொல். ஹோப்பி மக்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பழங்குடியினர். மழை குறைந்த மேட்டுநிலத்தில், கால்வாய்ப் பாசனமின்றி மக்காச்சோளம் பயிரிட்டு வாழக் கற்றவர்கள். அவர்களுடைய ஒராய்பி என்னும் சிற்றூர், வட அமெரிக்காவில் மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இச்சொல்லின் இறுதிப் பகுதி தமிழ்க் காதுக்குக் ‘காட்சி’ என்பதுபோல் ஒலிக்கலாம். ஹோப்பி மொழியில் அதற்கு ‘வாழ்க்கை’ என்று பொருள். முழுச் சொல்லும் நிலைகுலைந்த வாழ்க்கையை, சமநிலை தவறிய வாழ்க்கையைக் குறிக்கிறது. இப்படி வாழ்வதை விட்டு வேறு வகையில் வாழவேண்டும் என்ற எச்சரிக்கையும் அதனுள் அடங்கியிருக்கிறது. படம் தொடங்கும்போது பார்வையாளருக்கு இந்தப் பொருள் சொல்லப்படுவதில்லை. எல்லாக் காட்சிகளும் முடிந்த பிறகே திரையில் அது எழுத்தாகத் தோன்றுகிறது. பொருளை முன்பே சொல்லியிருந்தால், அதற்கேற்ற சான்றுகளை மட்டுமே கண்கள் தேடியிருக்கும். சொல்லாமல் விட்டதால், கண்ட காட்சிகளைக் கொண்டு பார்வையாளரே ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

மௌனத்தில் வளர்ந்த இயக்குநர்

இப்படத்தை இயக்கிய காட்ஃபிரி ரெஜியோ 1940ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். பதினான்காம் வயதிலேயே கத்தோலிக்கத் துறவற அமைப்பு ஒன்றில் சேர்ந்தார். நோன்பு, மௌனம், வழிபாடு ஆகியவற்றோடு பதினான்கு ஆண்டுகளை அங்குக் கழித்தார். பேச்சைக் குறைத்து உற்று நோக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்தது எனலாம்.

பின்னர் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். தெருக்கும்பல்களில் சிக்கிய இளையோரை நல்வழிப்படுத்தும் அமைப்பைத் தொடங்குவதிலும், ஏழை மக்களுக்கான மருத்துவ நிலையத்தை உருவாக்குவதிலும் பங்காற்றினார். அக்காலத்தில் அவர் கண்ட திரைப்படம் ஒன்று அவர் வாழ்வின் திசையை மாற்றியது. மெக்சிகோ நகரத்து ஏழைச் சிறுவர்களைப் பற்றி லூயிஸ் புனுவல் இயக்கிய படம் அது. மனித மனத்தைத் தொடும் ஆற்றல் திரைப்படத்திற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ரெஜியோவும் அவருடைய நண்பர்களும் நியூ மெக்சிகோவில் ஒரு விழிப்புணர்வு இயக்கத்தை நடத்தினர். தொழில்நுட்பத்தின் துணையால் மக்களின் அந்தரங்கம் கண்காணிக்கப்படுகிறது என்பதே அதன் கருப்பொருள். தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள், சாலையோரப் பலகை எனப் பலவற்றிலும் விளம்பரங்கள் வெளியாயின. அந்த விளம்பரங்களை மீண்டும் எப்போது ஒளிபரப்புவீர்கள் என்று மக்கள் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அழைத்துக் கேட்டார்களாம். அந்த இயக்கம் முடிந்தபோது மீந்திருந்த சிறு தொகையே ‘கோயானிஸ்காட்ஸி’க்கு முதல் ஆனது. 1975ஆம் ஆண்டில் தொடங்கிய படப்பணி நிறைவடைய ஏழு ஆண்டுகள் ஆயின. பணம் கிடைத்தபோது பணி நடந்தது, தீர்ந்தபோது நின்றது.

சொற்களை ஏன் கைவிட்டார் என்று ரெஜியோவிடம் பலரும் கேட்டதுண்டு. மொழியின்மேல் அன்பு இல்லாததால் அவர் அப்படிச் செய்யவில்லை. நாம் வாழும் உலகத்தை விளக்குவதற்கு இன்று நாம் பயன்படுத்தும் சொற்கள் போதவில்லை என்பதே அவர் கருத்து. ‘வளர்ச்சி’, ‘முன்னேற்றம்’, ‘வசதி’ போன்ற சொற்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அவை வந்தவுடன் மனம் தலையாட்டிவிடுகிறது. பழகிய சொல்லை எடுத்துவிட்டுப் பொருளை மட்டும் கண்முன் வைத்தால், மனம் மீண்டும் விழித்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார்.

காலத்தைச் சுருக்கிய கலைஞர்

சொற்கள் இல்லாத படத்தில் ஒளிப்பதிவே மொழியாகிறது. அந்த மொழியை உருவாக்கியவர் ஒளிப்பதிவாளர் ரோன் ஃபிரிக். அவர் முதன்மையாகப் பயன்படுத்திய உத்திகள் இரண்டு. ஒன்று காலத்தைச் சுருக்குவது. மற்றொன்று காலத்தை நீட்டுவது.

பொதுவாகத் திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் எடுக்கப்பட்டு, அதே வேகத்தில் திரையிடப்படுகிறது. பத்து வினாடிகளுக்கு ஒரு படச்சட்டம் மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் 360 படச்சட்டங்கள் கிடைக்கும். அவற்றை வழக்கமான வேகத்தில் திரையிட்டால் பதினைந்தே வினாடிகளில் அந்த ஒரு மணி நேரமும் ஓடிவிடும். நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் நாம் எண்ணும் மேகங்கள், அருவிபோல் மலைமீது வழிந்தோடும். மாறாக, ஒரு வினாடிக்கு 96 படச்சட்டங்கள் எடுத்து வழக்கமான வேகத்தில் காட்டினால், ஒரு வினாடி நிகழ்ச்சி நான்கு வினாடிகளுக்கு நீளும். கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் முகக்குறிப்புகூட அப்போது தெளிவாகத் தெரியும்.

இந்த உத்திகள் புதியவை அல்ல. 1929ஆம் ஆண்டிலேயே சோவியத் இயக்குநர் ஜிகா வெர்த்தோவ், இடையே எழுத்துக் குறிப்புகள் இல்லாமல் நகர வாழ்வைக் காட்டும் படம் ஒன்றை எடுத்திருந்தார். ஆனால் வேகத்தை மாற்றுவதையே ஒரு முழுப் படத்தின் சிந்தனையாக்கியது ‘கோயானிஸ்காட்ஸி’ எனலாம். அன்றாடம் காணும் சாலையும் அங்காடியும் தொடர்வண்டி நிலையமும், வேகம் மாறியவுடன் நாம் அறியாத இடங்களாகிவிடுகின்றன.

இசை பேசிய மொழி

படத்துக்கு இசையமைத்தவர் பிலிப் கிளாஸ். திரைப்படங்களுக்கு இசையமைப்பதில்லை என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். ரெஜியோ மனம் தளரவில்லை. கிளாஸ் முன்பே அமைத்திருந்த இசையை, தாம் சேகரித்த படங்களோடு இணைத்து அவருக்குப் போட்டுக் காட்டினார். இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கண்ட கிளாஸ் இசைந்தார்.

கிளாஸின் இசையில் சிறிய இசைத்துணுக்கு ஒன்று மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் நுட்பமாக மாறிக்கொண்டே செல்லும். இதற்கு இந்திய இசையோடு ஓர் உறவு உண்டு. அறுபதுகளில் பாரிஸ் நகரில் படித்தபோது, சித்தார் மேதை ரவிசங்கர் ஒரு படத்திற்கு அமைத்த இசையை மேலைநாட்டு இசைக்குறியீட்டில் எழுதித்தரும் பணி கிளாஸுக்குக் கிடைத்தது. சிறு சிறு தாள அலகுகள் சேர்ந்து பெரிய சுழற்சிகளாக வளர்வதை அப்போது அவர் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் அவருடைய பிற்கால இசைக்கு அடித்தளங்களுள் ஒன்றாக அமைந்தது.

வழக்கமாகப் படத்தொகுப்பு முடிந்த பிறகே பின்னணி இசை சேர்க்கப்படும். இப்படத்தில் இரண்டும் கைகோத்து நடந்தன. சில பகுதிகளில் காட்சிக்கேற்ப இசை எழுதப்பட்டது. வேறு சில பகுதிகளில் இசைக்கேற்பக் காட்சி மீண்டும் வெட்டித் தொகுக்கப்பட்டது. அதனால் இங்கு எது முன், எது பின் என்று பிரித்தறிய முடிவதில்லை.

நிலத்திலிருந்து நகரத்துக்கு

தொடக்கக் காட்சிகளில் மனிதரே இல்லை. பாறைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும் பாலைவனம், ஆவி கசியும் நிலம், மேகத்தின் நிழல் தவழும் பள்ளத்தாக்கு, கடலலை போல் புரளும் மேகம், மேகம்போல் புரளும் கடலலை எனக் காட்சிகள் விரிகின்றன. இசையும் அவசரமின்றி நடக்கிறது.

பிறகு வெடிமருந்தால் பாறை சிதறுகிறது. பெரிய சுரங்க ஊர்தி ஒன்றைக் கரும்புகை மூடுகிறது. பாலைவனத்தின் குறுக்கே மின்கம்பிக் கோபுரங்கள் அணிவகுத்துச் செல்கின்றன. கொலராடோ ஆற்றை மறித்து எழுப்பிய கிளென் கேன்யன் அணைக்கட்டும், நிலக்கரியில் இயங்கும் மின்னிலையமும் வருகின்றன. அணுகுண்டுச் சோதனையின் புகைக்குடை பாலைவனத்தில் எழுகிறது. அடுத்து, கடற்கரையில் மக்கள் வெயிலில் படுத்து ஓய்வெடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அணுமின் நிலையம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. அவர்களுள் எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தினமும் காண்பது கண்ணில் படாமல் போய்விடும் என்பதை இந்த ஒரு காட்சியே உணர்த்திவிடுகிறது.

நகரப் பகுதியில் பார்வையாளரின் மனத்தை விட்டு அகலாத காட்சி ஒன்றுண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைக் குடும்பங்களுக்காக ஐம்பதுகளில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. புரூயிட் ஐகோ என்பது அதன் பெயர். பதினோரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் அங்கு இருந்தன. பராமரிப்புக்குப் பணம் போதவில்லை. நகரத்தின் மக்கள்தொகை குறைந்தது. வறுமையும் இனப் பாகுபாடும் அங்கு வாழ்ந்தவர்களை மேலும் ஒடுக்கின. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1972ஆம் ஆண்டிலேயே அக்கட்டடங்களைத் தகர்க்கும் பணி தொடங்கியது. படத்தில், உடைந்த சன்னல்களோடு வெறுமையாக நிற்கும் கட்டடங்களின்மேல் ஒளிப்பதிவுக் கருவி பறந்து செல்கிறது. பின்னர் ஒரு கட்டடம் முழங்கால் மடங்குவதுபோல் சரிந்து தூசியாகிறது. காட்டையும் ஆற்றையும் மட்டும் மனிதன் சிதைக்கவில்லை. தனக்கென்று கட்டிய வீட்டையும் அவனால் நிலைநிறுத்த முடியவில்லை என்று அந்தத் தூசி சொல்வதுபோல் இருக்கிறது.

அதன்பின் படம் வேகமெடுக்கிறது. ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பகுதியில் கதிரவன் மறைகிறது, உயர்ந்த கட்டடத்தின் பின்னால் நிலா நழுவி மறைகிறது, விளக்குகள் மின்னுகின்றன. இரவுச் சாலைகளில் ஊர்திகள் சிவப்பும் வெள்ளையுமான ஒளியாறுகளாகப் பாய்கின்றன. தொழிற்சாலையில் இறைச்சிக் குழல்கள் வரிசையாக இயந்திரத்திலிருந்து வெளிவருகின்றன. உடனே, தொடர்வண்டி நிலையத்தின் நகரும் படிக்கட்டில் மக்கள் வரிசையாக மேலேறி வருகிறார்கள். இரண்டையும் ஒப்பிடுமாறு எவரும் சொல்லவில்லை. இருப்பினும், பார்வையாளர்கள் ஒரு கணம் சிரித்து, மறுகணம் அமைதியாகிவிடுகிறார்கள். இறுதியில், வானத்திலிருந்து எடுக்கப்பட்ட நகரப் படங்களும் கணினிச் சில்லுகளின் நுண்படங்களும் அடுத்தடுத்து வருகின்றன. எது நகரம், எது சில்லு என்று கண் தடுமாறுகிறது.

திடீரென வேகம் அடங்குகிறது. தெருவில் நிற்கும் மனிதர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக வருகின்றன. சற்று முன் எறும்புக் கூட்டம்போல் தெரிந்தவர்கள் இவர்கள்தாம். இப்போது ஒவ்வொருவரும் தனி மனிதராக நம்மை நேருக்கு நேர் நோக்குகிறார்கள். களைப்பு, கவலை, வியப்பு, தனிமை ஆகியவை அம்முகங்களில் எழுதியிருக்கின்றன.

கடைசியில் மீண்டும் ஒரு ராக்கெட் எழும்புகிறது. இம்முறை அது வானில் வெடித்துச் சிதறுகிறது. 1962ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏவப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் அழிந்த, ஆளில்லா அட்லஸ் சென்டோர் ராக்கெட்டின் உண்மைக் காட்சி அது. எரிந்துகொண்டே சுழன்று விழும் ஒரு துண்டை ஒளிப்பதிவுக் கருவி நெடுநேரம் பின்தொடர்கிறது. அது தரையைத் தொடும் முன்பே காட்சி மாறுகிறது. தொடக்கத்தில் கண்டதுபோன்ற பாறை ஓவியங்கள் மீண்டும் வருகின்றன. ஹோப்பி மொழியில் பாடப்பட்ட முன்னறிவிப்புகளின் பொருளும் அப்போது எழுத்தில் காட்டப்படுகிறது. நிலத்தின் அரும்பொருள்களைத் தோண்டுவது கேட்டை வரவழைத்துக்கொள்வதாகும் என்ற கருத்து அவற்றுள் ஒன்று.

திரைக்கு வெளியே ஒரு வரலாறு

அந்த எச்சரிக்கையின் முழுக் கனத்தையும் உணர, ஹோப்பி மக்களின் அண்மை வரலாற்றையும் சிறிது அறியவேண்டும். அவர்களும் அவர்களுடைய அண்டை இனத்தவரான நவஹோ மக்களும் வாழும் நிலப்பகுதியில் ‘பிளாக் மேசா’ என்னும் மேட்டுநிலம் உள்ளது. அதனடியில் நிலக்கரி நிறைந்திருந்தது. அறுபதுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி அங்குச் சுரங்கங்கள் திறக்கப்பட்டன.

ஒரு சுரங்கத்தின் நிலக்கரி தொடர்வண்டியில் ஏற்றப்பட்டு, பேஜ் நகருக்கு அருகிலுள்ள நவஹோ மின்னிலையத்துக்குச் சென்றது. படத்தில் வரும் மின்னிலையம் அதுவே. மற்றொரு சுரங்கத்தின் நிலக்கரி பொடியாக்கப்பட்டு, நீரில் கரைக்கப்பட்டு, ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்வழியே நெவாடா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கான நீர் அதே வறண்ட நிலத்தின் அடியிலிருந்து இறைக்கப்பட்டது. ஊற்றுகளை நம்பி வாழ்ந்த ஹோப்பி மக்கள் கவலை கொண்டார்கள். நீண்ட எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் இடையே, 2005ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் குழாயின் ஓட்டம் நின்றது.

இந்த மின்னிலையங்களின் ஆற்றல் லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகஸ், பீனிக்ஸ் முதலிய நகரங்களுக்கு ஒளி தந்தது. ஆனால் மின்கம்பிகளுக்கு அடியில் இருந்த நவஹோ வீடுகள் பலவற்றில் மின்சாரம் இல்லை. விளக்கின் அடியில் இருட்டு என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. படத்தின் இரவுக் காட்சிகளில் மின்னும் ஒளியாறுகளை இந்த உண்மையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நவஹோ மின்னிலையம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. ஏறத்தாழ 236 மீட்டர் உயரமுள்ள அதன் மூன்று புகைபோக்கிகளும் மறு ஆண்டு டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. புரூயிட் ஐகோ சரிந்ததைப் போலவே அவையும் தூசியாயின. சிலர் மகிழ்ந்தனர், சிலர் கண்ணீர் விட்டனர். ஏனெனில், அந்த மின்னிலையத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் பழங்குடி மக்களே. ஹோப்பி நிருவாகத்தின் வருவாயிலும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வந்தது. மாசு நின்றதோடு ஊதியமும் நின்றது. சமநிலை குலைந்தபின் அதை மீட்பது எவ்வளவு கடினம், அந்தச் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

படத்தின்மீது எழுந்த கேள்விகள்

1982ஆம் ஆண்டில் நியூயார்க் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டது. புகழ்பெற்ற இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா தம் பெயரைத் தந்து இதை மக்களிடம் கொண்டுசெல்ல உதவினார். பேணிக் காக்கவேண்டிய அமெரிக்கப் படங்களின் தேசியப் பதிவேட்டில் 2000ஆம் ஆண்டில் இது சேர்க்கப்பட்டது. ரெஜியோ இதன் தொடர்ச்சியாக 1988, 2002 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு படங்களை வெளியிட்டார். ரோன் ஃபிரிக் தாமே இயக்குநராகி ‘பராக்கா’, ‘சம்சாரா’ என்னும் சொல்லில்லாப் படங்களைத் தந்தார்.

பாராட்டுகளோடு குறைகளும் கூறப்பட்டன. தொழில்நுட்பத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் இப்படமே தொழில்நுட்பத்தின் குழந்தைதானே என்று சிலர் கேட்டனர். கருவியும் படச்சுருளும் வானூர்தியும் மின்சாரமும் இன்றி இது பிறந்திருக்க முடியாது. ரெஜியோ இந்த முரணை மறுக்கவில்லை. இன்றைய மனிதன் தொழில்நுட்பத்தை வெறுமனே பயன்படுத்துவதில்லை, காற்றைப்போல் அதற்குள்ளேயே வாழ்கிறான் என்பது அவர் வாதம். மூச்சுவிடும் காற்றை எவரும் கவனிப்பதில்லை. அதைக் கவனிக்கச் செய்ய, அதனுள் இருந்துகொண்டே அதன் கருவியால்தான் பேச முடியும் என்றும் அவர் கருதினார்.

மற்றொரு குறை இன்னும் கூர்மையானது. இரவு நகரத்தின் ஒளியாறுகள் அழகாக இருக்கின்றன. ராக்கெட் எரிவதுகூட அழகாக இருக்கிறது. கண்டிக்க வேண்டியதை இவ்வளவு அழகாகக் காட்டினால், பார்ப்பவர் எச்சரிக்கை அடைவாரா, மயங்கிவிடுவாரா? இதற்குப் படத்திலேயே விடை தேடலாம். நகரம் அழகாக இல்லாதிருந்தால் மனிதன் அதைக் கட்டியிருக்க மாட்டான். வேகம் இனிக்காதிருந்தால் அதன்பின் ஓடியிருக்க மாட்டான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியில், முதலில் வருவது அமிர்தம்தான். இனிக்கும் ஒன்று எந்த இடத்தில் நஞ்சாகிறது என்பதைக் கண்டறிவதே கடினம். அழகை மறைத்துவிட்டு நஞ்சை மட்டும் காட்டியிருந்தால் இப்படம் பாதி உண்மையையே சொல்லியிருக்கும்.

பார்வையாளரிடம் விடப்பட்ட விடை

மாசு, காடழிப்பு, பருவநிலை மாற்றம் ஆகியவற்றைப் பற்றி எண்களோடும் வரைபடங்களோடும் விளக்கும் ஆவணப்படங்கள் இன்று பல உள்ளன. அவை தேவையானவை, செயலுக்கு வழிகாட்டுபவை. ‘கோயானிஸ்காட்ஸி’ அந்தப் பணியைச் செய்வதில்லை. எத்தனை டன் நிலக்கரி எரிந்தது, எத்தனை ஏக்கர் நிலம் பாழானது என்று அது கணக்குக் கூறுவதில்லை. என்ன செய்யவேண்டும் என்றும் அறிவுரை வழங்குவதில்லை. படத்தின் குறை எனச் சிலரும் நிறை எனச் சிலரும் கூறுவது இதையே.

அது செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் கடந்து செல்லும் சாலையை, ஏறி இறங்கும் படிக்கட்டை, ஏற்றும் விளக்கை முதன்முறையாகக் காண்பதுபோல் காணச் செய்கிறது. கண்ட பிறகு, ‘இந்த வாழ்க்கை சமநிலையில் இருக்கிறதா?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. மின்விசையைத் தட்டியவுடன் வரும் வெளிச்சத்துக்கு எங்கோ ஒரு மேட்டுநிலம், எங்கோ ஓர் ஊற்று, எங்கோ ஒரு குடும்பம் விலை கொடுத்திருக்கலாம் என்ற நினைவும் வருகிறது.

பாறையில் ஓவியம் தீட்டிய மக்கள் தங்கள் வாழ்வைப் பற்றி எழுத்தில் எதையும் விட்டுச்செல்லவில்லை. இருந்தும், அவர்கள் தீட்டிய உருவங்கள் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. அந்நிலத்தைச் சிதைக்காமலேயே தங்கள் சுவட்டைப் பதித்துச் சென்றவர்கள் அவர்கள். வானளாவ எழுந்த புகைபோக்கிகளோ ஐம்பது ஆண்டுகளுக்குள் மண்ணில் சாய்ந்துவிட்டன. இன்றைய தலைமுறை எத்தகைய சுவட்டை விட்டுச்செல்லப் போகிறது? படம் பேசாமல் கேட்கும் இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் அதைப் பார்ப்பவர்களே.

சிந்தித்து விடையளிக்க

1. படத் தலைப்பின் பொருள் இறுதியில் மட்டுமே காட்டப்படுவதால் பார்வையாளருக்கு விளையும் பயன் யாது?

2. ரெஜியோ தம் படத்தில் சொற்களைத் தவிர்த்ததற்கான காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

3. ‘விளக்கின் அடியில் இருட்டு’ என்னும் தொடர் இப்பகுதியில் எச்சூழலைக் குறிக்கிறது?

4. மின்னிலையம் மூடப்பட்டபோது சிலர் மகிழ்ந்ததற்கும் சிலர் வருந்தியதற்கும் காரணங்கள் யாவை? உம் கருத்து என்ன?

5. நீர் அன்றாடம் காணும் ஓரிடத்தை, உரையாடலோ வருணனையோ இன்றி ஐந்து காட்சிகளில் படமாக்குவதாகக் கொள்க. எக்காட்சிகளைத் தெரிவுசெய்வீர்? எதை விரைவாகவும் எதை மெதுவாகவும் காட்டுவீர்? காரணத்துடன் விளக்குக.